நர்சிங் மாணவர்களுக்கு எல்லா மருத்துவமனைக்கும் பொதுவாக ஒரே ஆன்லைன் ஓரியண்டேஷன்: யாராவது செய்திருக்கிறீர்களா?

வணக்கம். நர்சிங் கல்லூரி ஒன்றில் கிளினிக்கல் போஸ்டிங் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் ஒரே வருடத்தில் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று மாறி மாறிப் போகிறார்கள், போகிற இடத்திலெல்லாம் முதல் நாள் முழுக்க அதே கை கழுவும் முறை, அதே தீயணைப்பு வகுப்பு, அப்புறம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவு பிரிப்பது. 2016 மருத்துவக் கழிவு விதிகள் நாடு முழுக்க ஒன்றுதானே, இதையெல்லாம் ஒருமுறை ஆன்லைனில் படித்துத் தேர்வு எழுதினால் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்ளலாம்.

சிக்கல், இடத்துக்கு இடம் மாறும் விஷயங்களில்தான். கோட் ப்ளூவுக்கு (நோயாளிக்கு இதயமோ மூச்சோ நின்றுபோனால் விடும் அவசர அழைப்பு) எந்த எண்ணை அழுத்துவது, ராத்திரி டியூட்டியில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்டால் யாரிடம் ஓடுவது? எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அங்கே ஒரு மாணவி தடுமாறி நிற்கக் கூடாது. இதை மட்டும் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் போதும்.

பல மருத்துவமனைகளை இப்படி ஒத்துக்கொள்ள வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: சான்றிதழ் எத்தனை மாதம் செல்லும் என்று வைத்தீர்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள்? கூகுள் ஃபார்மில் போட்ட தமிழ்க் கேள்விகள் இருந்தாலும் பகிருங்கள், பிள்ளைகள் பெரும்பாலும் போனில்தான் படிக்கிறார்கள்.