சென்னை - டெல்லி தடத்தில் இறங்கி இறங்கி ஏறிய பயணம்: குறைந்த செலவில் ரயிலில் பல ஊர்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பல ஊர்களைச் சேர்த்து ரயிலிலேயே சுற்ற நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஊர்ப் பட்டியலோடு உட்காராதீர்கள், முதலில் ஒரு தடத்தைப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். அம்மாவுக்குக் காசி, பிள்ளைகளுக்குத் தாஜ்மகால், மனைவிக்கு ஜெய்ப்பூர், எனக்குப் பழைய பௌத்த ஸ்தூபி இருக்கும் சாஞ்சி. நான்கையும் ஒரே பயணத்தில் கோத்தால் விடுமுறையில் பாதி ரயிலிலும் ஸ்டேஷனிலும் போய்விடும், காசும் அங்கேதான் கரையும். அதனால் சென்னை - டெல்லி பிரதான தடத்தை எடுத்துக்கொண்டோம். விஜயவாடா, வாரங்கல், நாக்பூர், இட்டார்சி, போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, மதுரா, டெல்லி என்று கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர் ஒரே வழி. எங்கே இறங்கினாலும் அடுத்த ரயில் முன்னால்தான் கொண்டுபோகும், வந்த வழியே திரும்பும் வேலை இல்லை. காசியும் ஜெய்ப்பூரும் அடுத்த தடவைக்கு என்று பேசி முடிவு செய்தோம், அம்மாவும் சரி என்றார்.

அடுத்தது நேரம். பட்ஜெட் என்றால் எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் ரயில் ஒரு ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் செலவை ஏற்றி இறக்குகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிவாக்கில் சென்னையை விட்டு, மறுநாள் இரவு போபால் வருகிறது. அது பரவாயில்லை, ஆட்டோ கிடைக்கும், கடை திறந்திருக்கும், அறைக்குப் போய்ப் படுத்தால் காலையில் புதிதாக எழலாம். அதே ரயிலில் நேராக ஆக்ரா போகிறேன் என்றால் விடியாத நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அந்த நேரத்து ஆட்டோக்காரர் சொல்வதுதான் கூலி, லாட்ஜில் மதியத்துக்கு அறை எடுத்தவனிடம் முந்தின நாள் வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள், பிள்ளைகள் தூக்கம் கெட்டு அன்று முழுக்கச் சிணுங்கும். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் எப்போது சேர்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, காலை ஆறு முதல் இரவு ஒன்பதுக்குள் விழாத ரயிலை அடித்துவிட்டேன். மிஞ்சிய ரயில்கள் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் திட்டம் தானாகவே அமைந்துவிட்டது.

கட்டணத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரயில்வேயில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான விலை குறையும். அதனால் ஒரே நீண்ட டிக்கெட்டை நான்காக உடைத்தால் மொத்தம் கூடத்தான் செய்யும், ரிசர்வேஷன் கட்டணமும் நான்கு முறை. அதோடு குறைந்தபட்ச தூரம் என்றும் ஒன்று உண்டு. ஸ்லீப்பரில் எவ்வளவு கிட்டப் போனாலும் 200 கிலோமீட்டருக்கும், மூன்றடுக்கு ஏசியில் 300 கிலோமீட்டருக்கும் காசு வாங்கிவிடுவார்கள். குவாலியரிலிருந்து ஆக்ரா 120 கிலோமீட்டர்கூட இல்லை, இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதற்கு எதற்குப் படுக்கை? பகல் ரயிலில் உட்காரும் இருக்கை, அதாவது செகண்ட் சிட்டிங் எடுத்தால் அதற்குக் குறைந்தபட்ச தூரம் 50 கிலோமீட்டர்தான். நீளமான பயணத்துக்குப் படுக்கை, குட்டிப் பயணத்துக்கு இருக்கை. எங்களுக்கு அதிகம் மிச்சமானது இதில்தான்.

போபாலில் இறங்குபவர்கள் சாஞ்சியை விடாதீர்கள், 45 கிலோமீட்டர் சொச்சம்தான். சாஞ்சிக்கென்றே சின்ன ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் நிற்கும் ரயில் குறைவு, நேரம் ஒத்துவராவிட்டால் போபாலிலிருந்து பஸ். ஸ்டேஷனிலிருந்து குன்றின் அடிவாரத்துக்கு நடந்தே போய்விடலாம். பெரிய ஸ்தூபியின் தெற்குத் தோரண வாயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் செதுக்கியது என்று சொல்லும் கல்வெட்டு. யானைத் தந்தத்தில் வேலை செய்து பழகிய கை என்று தெரிந்த பிறகு அந்தக் கல்லைப் பாருங்கள், விரல் நக அளவுக்கு ஒரு முகம், அதில் கண், காதில் தோடு, தலைப்பாகையின் மடிப்பு வரை இருக்கும். என் மகள் ஒரே தூணின் முன்னால் நின்றுகொண்டு நகரவே மறுத்தாள். அந்த விதிஷா, சாஞ்சியை விட்டுக் கிளம்பினால் இதே தடத்தில் வரும் அடுத்த ஊர். பேக்கேஜ் பஸ்ஸில் வந்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் விசில் ஊதிக் கூப்பிட்டிருப்பார்கள்.

போபாலில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள், அதையும் மனதில் வையுங்கள். போபால் ஜங்ஷன் ஒன்று, முன்பு ஹபீப்கஞ்ச் என்றிருந்து 2021இல் பெயர் மாறிய ராணி கமலாபதி இன்னொன்று. டெல்லி போகும் சதாப்தி, வந்தே பாரத், இரவு ரயிலான ஷான்-இ-போபால் எல்லாம் ராணி கமலாபதியில்தான் புறப்படுகின்றன. புறப்படும் இடத்திலேயே ஏறினால் டிக்கெட் உறுதியாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நடுவழி ஸ்டேஷனில் ஏறுபவர்களுக்கு ஒதுக்கீடு கொஞ்சம்தான், அங்கே ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் என்று காத்திருப்புப் பட்டியல் வந்தால் அதை நம்பி லாட்ஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

போய் வந்தவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள், முக்கியமாக வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள்.

* * *

சார், நான் மாமனார், மாமியாரோடு இதே பக்கம் போய் வந்தேன். கீழ்ப் படுக்கை இல்லையென்றால் அவர்களுக்குப் பயணமே இல்லை, அத்தைக்கு முட்டி வலி. எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போடாமல், அவர்கள் இருவருக்கும் தனியாக ஒரு டிக்கெட், எங்களுக்கு ஒன்று என்று எடுத்தோம். கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. ஆனால் தனியாகவோ இரண்டு பேராகவோ பதிவு செய்தால்தான் அது செல்லும், நான்கு பேர் கொண்ட குடும்ப டிக்கெட்டில் அந்த ஒதுக்கீட்டையே தொட முடியாது. நிறைய பேருக்கு இது தெரியவில்லை. மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது, அதை இன்னும் கணக்கில் வைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள். பிள்ளைகள் கணக்கும் அப்படித்தான், ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருந்தால் படுக்கை வேண்டாம் என்றால் மட்டும் பாதிக் கட்டணம், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

தங்குவதற்கு நாங்கள் முடிந்த இடத்திலெல்லாம் ஸ்டேஷன் ரிட்டையரிங் ரூம் பார்த்தோம். உறுதியான டிக்கெட்டோ, ஆர்ஏசியோ (படுக்கை உறுதியாகும் வரை உட்கார இடம் தரும் டிக்கெட்) கையில் இருந்தால் ஐஆர்சிடிசியிலேயே அறை பதிவு செய்யலாம். அறை ஆடம்பரமாக இருக்காது, ரயில் சத்தம் கேட்கும், ஆனால் மாமாவுக்குப் படியேறி இறங்கி ஆட்டோ பிடித்து லாட்ஜ் தேடும் அலைச்சல் இல்லை, அது பெரிய நிம்மதி. அறைகள் குறைவு என்பதால் டிக்கெட் உறுதியான அன்றே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை. நாங்கள் தங்கிய இடத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது. வரவேற்பறையில் இருந்தவர் சொன்னதும் அந்தச் சின்னப் பையன் முகம் போன போக்கு இன்னும் மனதில் நிற்கிறது. அன்று மாலையே அவர்களுக்கு ரயில். ஆக்ரா எந்தக் கிழமை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற ஊர்களுக்குத் தேதி போடுங்கள். இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை மாடத்துக்கு மேலே ஏற இன்னும் 200, பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம்.

* * *

அண்ணா, நாங்கள் காலேஜ் பசங்க, குறைந்த காசில் போனோம். ஆக்ராவிலிருந்து டெல்லிக்கு தாஜ் எக்ஸ்பிரஸில் செகண்ட் சிட்டிங், பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு சாயங்காலம் ஏறி ராத்திரிக்குள் டெல்லி. ஆக்ராவில் அறையே எடுக்கவில்லை, ஸ்டேஷன் கிளோக் ரூமில் பைகளைப் போட்டுவிட்டோம். பை பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள், பூட்டு இல்லாத தோள்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கூட வந்தவன் ஓடிப்போய் வெளியே ஒரு குட்டிப் பூட்டு வாங்கி வந்தான். ஜான்சியில் இறங்கினால் ஓர்ச்சாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஷேர் ஆட்டோ தூரம்தான், பேத்வா ஆற்றங்கரையில் சத்ரிகள், அதாவது அரசர்களின் நினைவு மண்டபங்கள், வரிசையாக நிற்கும், கூட்டமே இல்லை. எனக்கு ஆக்ராவைவிட அதுதான் பிடித்தது. டிக்கெட் தேடும்போது ஜான்சி ஸ்டேஷன் இப்போது வீராங்கனா லட்சுமிபாய் ஜான்சி என்ற பெயரில் வரும், பழைய குறியீடான ஜேஎச்எஸ் கிடையாது.

* * *

தம்பிகளே, சர்க்குலர் ஜர்னி டிக்கெட் பற்றி யாருமே சொல்லவில்லையே. நான் ஓய்வு பெற்ற பிறகு அதில்தான் போய் வந்தேன், ரயிலில் ஊர் சுற்ற அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது என் எண்ணம். கிளம்பிய ஸ்டேஷனுக்கே திரும்பி வர வேண்டும், போன வழியிலேயே வரக் கூடாது, வட்டமாக வர வேண்டும், நடுவில் எட்டு ஊர் வரை இறங்கலாம். சென்னையில் கிளம்பி போபால், ஆக்ரா, டெல்லி, அங்கிருந்து ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை வழியாகத் திரும்பினால் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். அதை ஆறேழு துண்டு டிக்கெட்டாகப் பார்க்காமல் 2,500 கிலோமீட்டர் கொண்ட இரண்டு பயணங்களாகக் கணக்குப் போடுவார்கள். மேலே சார் சொன்னாரே, தூரம் கூடினால் விலை குறையும் என்று, அந்தப் பலன் இங்கே முழுசாகக் கிடைத்துவிடுகிறது.

இது ஆன்லைனில் கிடைக்காது. எந்த ஊரில் எந்தத் தேதியில் இறங்கி ஏறப்போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதி, கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்திலோ பெரிய ஸ்டேஷனின் மேலாளரிடமோ கொடுக்க வேண்டும். அவர்கள் கணக்குப் போட்டுத் தருவதை வைத்துக் கவுன்டரில் டிக்கெட் வாங்கி, பிறகு ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியாக ரிசர்வேஷன். நான் முதலில் போன கவுன்டரில் இருந்தவர் அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை என்று திருப்பி அனுப்பினார். விடாதீர்கள், மேலே கேளுங்கள். ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்புதான் திறக்கும் என்பதால், அந்தத் தேதிக்குள் டிக்கெட் கையில் இருக்கும்படி முன்கூட்டியே அலைய வேண்டும். அலைவதற்கு நேரம் இருப்பவர்களுக்குத்தான் இது சரி, வேலைக்குப் போகிறவர்கள் துண்டு டிக்கெட்டாகவே போடுங்கள், தப்பில்லை.

* * *

ஐயா, அருமையான தகவல், நாங்கள் அடுத்த தடவைக்கு என்று தள்ளிவைத்த காசி - ஜெய்ப்பூர் பயணத்துக்கு இந்த சர்க்குலர் டிக்கெட்டையே முயற்சி செய்யப்போகிறேன். மேடம் சொன்ன கீழ்ப் படுக்கை விஷயத்தை அம்மாவுக்காகக் குறித்துக்கொண்டேன்.

60 நாள் கணக்கு பற்றி ஒரு சின்ன சேர்க்கை. அந்த நாள், ரயில் தன் முதல் ஸ்டேஷனில் கிளம்பும் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. சென்னையில் இன்று இரவு கிளம்பும் ரயிலில் நீங்கள் நாளை போபாலில் ஏறுகிறீர்கள் என்றால், உங்கள் தேதிக்கு 61 நாளைக்கு முன்பே அது திறந்துவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் படுக்கைகள் போயிருக்கும். ஆதார் சரிபார்த்த கணக்காக முன்பே மாற்றிவைத்துக்கொள்வதும் நல்லது, தட்கலுக்கு அது 2025 ஜூலையிலிருந்து கட்டாயம்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு ரயில் மாறுவது போலத் திட்டமே போடாதீர்கள். குவாலியருக்கு வடக்கே பனிமூட்டம் இறங்கினால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும் இணைத்துவிடுங்கள், 2019 ஏப்ரலிலிருந்து அந்த வசதி இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், போகாத பகுதிக்கான பணம் ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திரும்பக் கிடைக்கும். இரண்டிலும் பெயர், வயது எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முதல் ரயிலில் இறங்கும் ஸ்டேஷனிலேயே அடுத்ததில் ஏற வேண்டும். டெல்லியில் இது சிக்கல், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லிக்குப் போகும், திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனோடு நின்றுவிடும். அடுத்த ரயில் எந்த ஸ்டேஷனில் என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.