வாட்டர் லூப்பில் காற்று போகவே மாட்டேன் என்கிறது

கணினிப்பித்தன்:
வணக்கம். இதுதான் என் முதல் கஸ்டம் லூப், அதாவது கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க நானே பொருத்திய சுற்று. ரிசர்வாயரோடு (தண்ணீர்த் தொட்டி) சேர்ந்த டி5 மாடல் பம்ப், கணினிப் பெட்டியான கேஸின் மேலே தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் 360 மி.மீ. ரேடியேட்டர், சிபியு, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இரண்டுக்கும் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக், எல்லாம் சாஃப்ட் ட்யூப். தண்ணீர் ஊற்றி நேற்றிலிருந்து ஓட்டுகிறேன், இன்னும் பம்ப் கொரகொரவென்கிறது. ஜிபியு பிளாக்கின் மூலையில் ஒரு குமிழி நகராமல் உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தண்ணீரை வடிக்கும் டிரெயின் வால்வு வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பழைய ரேடியேட்டர்:
தம்பி, முதலில் ஒரு கேள்வி. பம்புக்கு மட்டும்தானே கரண்ட் போகிறது? மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிடு. பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் ஜம்பர் பிளக் மாட்டி ஓட்டு. பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் இணைத்து, மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓடவைப்பதுதான் அந்த பிளக் செய்யும் வேலை. இப்போதெல்லாம் எல்லா ஒயரும் கருப்பாகவே வருவதால் பிளக் வாங்கிவிடுவது நல்லது. ஒயர்களை இப்படிக் கழற்றி வைத்தால், எங்காவது ஒழுகினாலும் துடைத்துக் காயவைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

இப்போது காற்று. ரிசர்வாயரில் தண்ணீர் மட்டத்தை ஒரு மார்க்கரால் குறி. பம்பை நிறுத்து. மட்டம் மேலே ஏறுகிறதா? ஏறினால் உள்ளே இன்னும் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. பம்ப் ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று, நின்றதும் விரிந்து தண்ணீரைத் திருப்பித் தள்ளும். ஆன், ஆஃப் இரண்டிலும் மட்டம் அசையாமல் இருந்தால் பெரிய காற்று எதுவும் மிச்சமில்லை. காதை விட இந்தக் கோட்டைத்தான் நான் நம்புவேன். இதே காரணத்தால், பம்ப் ஓடும்போது ரிசர்வாயரை விளிம்பு வரை நிரப்பி வைக்காதே. நிறுத்தியதும் வழிந்து கேஸுக்குள் போகும்.

மேலே மாட்டிய ரேடியேட்டர்தான் உன் பிரச்சினை என்று நினைக்கிறேன். ட்யூப் மாட்டும் போர்ட் கீழே பார்த்தபடி இருந்தால் அதற்கு மேலே சேரும் காற்றுக்கு வெளியே வர வழியில்லை. பம்பை நிறுத்தி, மூடியை இறுக்கி, போர்ட் இருக்கும் முனை உயரமாக வரும்படி கேஸைச் சாய். மெதுவாகத் தட்டு. நிமிர்த்தி, பம்பை முழு வேகத்தில் சற்று நேரம் ஓட்டு, நிறுத்து, மேலே வந்த காற்றை வெளியே விடு, குறைந்த தண்ணீரை ஊற்று. இதையே திரும்பத் திரும்பச் செய். விடாமல் முழு வேகத்தில் வைத்தால் ரிசர்வாயரில் வந்த குமிழியையே பம்ப் மறுபடி இழுத்துக்கொள்ளும். பம்பின் உள்வாய் மட்டும் ஒருபோதும் தண்ணீருக்கு வெளியே வரக்கூடாது. டி5-இன் பேரிங்குக்கு ஓடும் தண்ணீர்தான் எண்ணெய், வறண்டு ஓடினால் போயிற்று.

ஜிபியு குமிழி சின்னதாக இருந்தால் விட்டுவிடு. அது கண்ணை உறுத்துமே தவிர வெப்பநிலையில் ஒன்றும் தெரியாது.

கணினிப்பித்தன்:
நன்றி அண்ணா. பம்பை நிறுத்தினால் மட்டம் அரை இஞ்ச் ஏறுகிறது! சாய்த்துப் பார்க்கிறேன். இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் கேனைத்தான் ஊற்றினேன், பரவாயில்லையா? அப்புறம், இதை எப்படி வெளியே எடுப்பது?

நீர்க்குமிழி:
கழுவி ஓட்டிப் பார்க்க அது போதும். கேன் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் கேனில் விற்பார்கள். நிரந்தரமாக ஓட்ட, பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் மருந்து கலந்த கூலன்ட் வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டர் அலுமினியம், பிளாக் செம்பு என்றால் எந்தக் கூலன்ட்டையும் நம்பாமல் ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள்.

பழைய ரேடியேட்டர்:
வடிப்பதற்கு: கரண்ட்டைப் பிடுங்கு. லூப்பிலேயே தாழ்வான ட்யூப் எதுவென்று பார், உன் செட்டில் பம்பின் வெளிவாயாக இருக்கும். அடியில் டிஷ்யூவும் ட்ரேயும் வை. ரிசர்வாயர் மூடி இறுக்கமாக இருக்கும்போதே ட்யூபைக் கழற்றி, சட்டென்று அதன் முனையை உயர்த்திப் பிடி. பம்பின் அந்த வெளிவாயில் ஒரு ஃபிட்டிங்கும் (ட்யூப் இணைப்பான்) நீளமான ட்யூபும் மாட்டி, மறுமுனையைத் தரையில் இருக்கும் பாட்டிலில் விடு. அதற்குப் பிறகுதான் மேல் மூடியைத் திற. காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். கடைசியில் கழற்றிய ட்யூபைப் பாட்டிலுக்கு நேராகத் தாழ்த்தி, கேஸைச் சாய்த்து, ரிசர்வாயர் பக்கமிருந்து மெதுவாக ஊது. பம்பைப் போட்டு வடிக்க நினைக்காதே.

வந்த தண்ணீரை அளந்து பார். ஊற்றியதை விட ரொம்பக் குறைவாக இருந்தால் மிச்சம் ரேடியேட்டரிலும் ஜிபியு பிளாக்கிலும் நிற்கிறது. பிளாக்கைக் கழற்றும்போது அது மதர்போர்டில் கொட்டும்.

எல்லாம் காலியாக இருக்கும்போதே பம்பின் வெளிவாய்ப் பக்கம் T வடிவ டி-ஃபிட்டிங் ஒன்றும், திருப்பித் திறக்கும் பால் (ball) வால்வும் வைத்துவிடு. வால்வின் வாய்க்கு மூடியும் போடு, கைபட்டுத் திறந்துகொண்டாலும் ஒழுகாது.