மோனோகாக்: ‘ஒற்றைக்கூடு’ வேண்டாம், ‘தாங்கோடு’ எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம். உள்ளே சட்டம் இல்லாமல் மேலோடே சுமையைத் தாங்கும் விமான உடலை மோனோகாக் என்கிறார்கள்; ஓட்டுக்குத் துணையாக உள்ளே சட்டங்களும் இருந்தால் செமி-மோனோகாக். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒரு நண்பர் எழுதியது:

> மோனோகாக்குக்கு ‘ஒற்றைக்கூடு’ போதுமே. செமி-மோனோகாக் என்றால் ‘அரை ஒற்றைக்கூடு’.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் சிறுவிமானங்களின் வரலாற்றை இச்சொல்லை வைத்து எழுதினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. விமான உடலைப் பற்றிப் பேசும் இடத்தில் கூடு என்றால் எலும்புக்கூடுதான் மனத்தில் எழும். மோனோகாக்கோ எலும்பே இல்லாத உடல்.

எலும்புக்கூடு இருந்தது அதற்கு முந்தைய விமானங்களுக்கு. மரச்சட்டம், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பி, மேலே போர்த்திய துணி. துணி காற்றை எதிர்கொள்ளும், சுமப்பது சட்டம். 1938-இல் வந்த பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் உடலும் இதே வழிதான்; மரத்துக்குப் பதிலாகப் பற்றவைத்த எஃகுக் குழாய், அவ்வளவே.

இதை மாற்றிக் காட்டியது 1912-இல் லூயி பெஷ்ரோ வடிவமைத்த தெபெர்துசான் பந்தய விமானம். உடலின் வடிவில் செய்த அச்சின்மேல் மெல்லிய மரச்சீவல் பட்டைகளை ஒட்டி, அடுத்த அடுக்கை அதற்குக் குறுக்காக ஒட்டி, மூன்று அடுக்கு ஆனதும் அச்சை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு. அந்த வழவழப்பான உடலோடுதான் 1913-இல் விமானி மோரிஸ் பிரெவோ பிரான்சின் ரீம்ஸில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டினார். 1927-இல் லாக்ஹீட் வேகா வந்தபோது கான்கிரீட் அச்சுக்குள் மரப்பட்டைகளைப் பசையிட்டு அடுக்கி, ரப்பர் பையை ஊதி அழுத்தி, உடலின் ஒரு பாதியை அப்படியே முழுதாக எடுத்தார்கள்.

மேலே இருப்பதே தாங்குகிறது என்பதுதான் இதில் புதுமை. அதனால் தாங்கு + ஓடு = தாங்கோடு. தாங்கோட்டு உடல், தாங்கோட்டுக் கட்டமைப்பு என்று தடையின்றி நீளும். ‘ஓடு’ கூரையை நினைவூட்டும் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஆமையோடும் முட்டையோடும் நம் பேச்சில் இருக்கும்போது அது தடையாகத் தோன்றவில்லை. பொருள் மாறினாலும் சொல் நிற்கும்: 1998-இல் சான்று பெற்ற சிரஸ் எஸ்ஆர்20-இன் கண்ணாடியிழை உடலுக்கும் பொருந்துகிறது.

‘அரை’யை மட்டும் ஏற்கவே முடியவில்லை. காலியான குளிர்பான டின்னை மேலிருந்து நேராக அழுத்தினால் தாங்கும். பக்கத்தில் ஒரு சிறு நசுங்கல் இருந்தால் போதும், மடங்கிவிடும். மெல்லிய அலுமினியத் தகட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான் உள்ளே வளையச் சட்டங்களையும் நீளவாக்கில் பட்டைகளையும் வைத்து ரிவெட் அடிக்கிறார்கள். 1955-இல் முதலில் பறந்து, 44,000-க்கும் மேல் கட்டப்பட்ட செஸ்னா 172-இன் உடல் இந்தச் செமி-மோனோகாக் வகை. அங்கே தகடு பார்ப்பது அரைவேலை அல்ல. உடலை முறுக்கும் விசை பெரும்பாலும் தகட்டின் வழியேதான் போகிறது. பட்டைகள் அது மடங்காமல் காத்து, வளைவிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, உள்ளே விலா எலும்புபோல் சட்டங்கள் உள்ள தாங்கோடு என்ற பொருளில் ‘விலாத் தாங்கோடு’ என்று முன்வைக்கிறேன்.

வளையச் சட்டத்துக்கு மரக்கலம் கட்டுவோரின் ‘வங்கு’ இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். நீளவாக்குப் பட்டைக்கு ‘விறைப்புப் பட்டை’ என்று எழுதிவருகிறேன். அது வேலையைச் சொல்கிறதே தவிர, நீளவாக்கில் ஓடுவதைச் சொல்லவில்லை. படகுத் தொழிலில் இதற்கும் சொல் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.