வீட்டுத் தோட்டத்துக்கு விதையை நாமே எடுத்து வைப்பது எப்படி?

பாத்திக்காரர்

தக்காளி, மிளகாய், பீன்ஸ், வெள்ளரி, சுக்கினி, பூசணி இத்தனையும் இருக்கு. அடுத்த பருவத்திலிருந்து விதை வாங்காமல் சமாளிக்கணும். எல்லாச் செடியிலும் விதை எடுக்கலாமா? எடுத்து வைத்த விதையில் வந்த பூசணி கசக்கிறதே, ஏன்? மூடின டப்பாவுக்குள்ளேயே பீன்ஸ் விதை உளுத்துப் போவதை எப்படித் தடுப்பது?

நெற்று

முதலில் விதை வந்த பாக்கெட்டைப் பாருங்க. எஃப்1 என்றோ வீரிய ஒட்டு என்றோ போட்டிருந்தால் அதை விட்டுடுங்க. முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால் தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக நிற்கும்.

பீன்ஸிலும் தக்காளியிலும் ஆரம்பிங்க. இரண்டும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். ரகத்துக்கு ரகம் 2, 3 மீட்டர் இடைவெளி விட்டால் பெரும்பாலும் கலக்காது. மிளகாயில் தேனீ புகுந்து விளையாடும். குடைமிளகாயும் கார மிளகாயும் பக்கத்தில் இருந்தால், இந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. அந்த விதையில் வரும் அடுத்த செடியில்தான் குடைமிளகாய் காரம் அடிக்கும். மொட்டாக இருக்கும்போதே கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, தினமும் லேசாக ஆட்டி விடுங்க. பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காய்களில் நூல் கட்டி வைக்கணும்.

தக்காளி விதையை அப்படியே காகிதத்தில் தேய்த்துக் காயவைப்பவர்கள் உண்டு. முளைக்கத்தான் செய்யும். ஆனால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், சில நோய்களும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். நன்றாகப் பழுத்த பழத்தை வெட்டி, விதையைச் சாறோடு கிளாஸில் பிழிந்து, கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணி மூடி வைங்க. தினம் ஒரு தடவை கலக்கணும். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே மேலே வெள்ளை ஆடை படியும், நாற்றம் வரும்; குளிரில் மூன்று நான்கு நாள் ஆகலாம். ஆடை படிந்ததும் நிறுத்திடணும். இன்னும் விட்டால் விதை கிளாஸுக்குள்ளேயே முளை விட்டுடும். நிறையத் தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும், சக்கையும் சொத்தை விதையும் மிதக்கும், மிதப்பதைக் கொட்டிடுங்க. வடிகட்டியில் கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் உலர்த்தி, நாளுக்கு இரண்டு தடவை கையால் உதிர்த்து விடணும். இல்லாவிட்டால் கட்டி கட்டியாக ஒட்டிக்கும்.

இன்னொன்று, பெரிய பழமாகப் பார்த்து விதைக்கு விடுவதுதான் பலர் வழக்கம். ஒரே பழம் பெரிதாக வந்த நோஞ்சான் செடி எதற்கு? நோயில்லாமல், நிறையக் காய்த்த செடிக்கு முன்கூட்டியே ஒரு துணி கட்டி வைங்க. இலை வெளிர்ந்து சுருண்ட பீன்ஸ் செடியில் விதை எடுக்கவே வேண்டாம், தேமல் வைரஸ் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கொடிப்பந்தல்

கசந்த பூசணியைச் சமைக்காமல் குப்பைக்குழியில் போடுங்க. கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள், வேகவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி வரும். விதையையும் வைத்துக்க வேண்டாம்.

சுக்கினி, அலங்காரச் சுரை, பூசணியில் சில ரகங்கள் எல்லாம் ஒரே இனம், தேனீ தாராளமாகக் கலந்து விடும். அலங்காரச் சுரையோடு கலந்ததுதான் பெரும்பாலும் கசக்கும். வெள்ளரியும் பூசணியும் கலக்கும் என்பது சும்மா பேச்சு.

கையால் சேர்ப்பதுதான் வழி. மறுநாள் விரியப்போகிற மொட்டு நுனியில் மஞ்சள் ஏறி நிற்கும். மாலையில் ஆண் பூ இரண்டு, அடியில் பிஞ்சோடு பெண் பூ ஒன்று பார்த்து, நுனியை டேப்பால் ஒட்டிடுங்க. காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தம் இருக்கும் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடி முழுக்கத் தடவி, பெண் பூவை மறுபடியும் ஒட்டணும். திறந்து விட்டால் அரை நிமிஷத்தில் தேனீ உள்ளே போயிடும். காம்பில் அடையாள நூல் கட்டுங்க. சாதாரணச் சுரைக்கு இந்த நேரம் ஒத்துவராது; அதன் வெள்ளைப் பூ மாலையில்தான் விரியும், அப்போதே சேர்க்கணும்.

பாத்திக்காரர்

வெள்ளரியையும் தக்காளி மாதிரி ஊறவைக்கணுமா? சமையலுக்குப் பறிக்கிற காயிலேயே எடுக்கலாமா?

கொடிப்பந்தல்

ஊறவைக்கணும், அதே முறைதான். சமையல் பக்குவத்தில் உள்ள விதை வெறும் தோல், முளைக்காது. கொடியிலேயே மஞ்சளாகி முற்ற விட்டு, பறித்த பிறகும் இரண்டு வாரம் நிழலில் வைத்துவிட்டு வெட்டுங்க. ஆனால் ஒரு காயை முற்ற விட்டால் கொடி புதுக் காய் விடுவதைக் குறைத்துக்கும், அதனால் விதைக்கு ஒரு கொடியைத் தனியாக ஒதுக்கிடுங்க.

ஈரப்பதம்

பீன்ஸ் உளுப்பது டப்பாவுக்குள் ஆரம்பிப்பதில்லை. செடியில் நெற்று முற்றும்போதே வண்டு முட்டை வைத்துடும். புழு விதைக்குள் புகுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. வண்டு வெளியே வரும்போதுதான் வட்ட ஓட்டை. சாம்பல் கலந்து வைப்பது பரவுவதைக் குறைக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துடும். ஆனால் முழுக்கக் காய்ந்த விதையை மட்டும்தான் வைக்கணும். ஈரம் இருந்தால் விதையும் உள்ளே உறைந்து செத்துடும். ஒரு பீன்ஸைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்க: தூளாகச் சிதறினால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் காயணும்.

எத்தனை வருஷம் தாங்கும் என்பது ஈரத்தையும் சூட்டையும் பொறுத்தது. ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. சிறு விதைகளைக் காகித உறையில் போட்டு, விதை எடைக்குச் சமமான, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியில் ஒரு வாரம் மூடி வைங்க. பிறகு ஜெல்லை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காதீங்க. ஜாடியின் குளிர் முழுக்க விட்ட பிறகு திறக்கணும், இல்லாவிட்டால் விதை மேல் தண்ணீர் பூத்துடும்.

வெங்காய விதையை மட்டும் நம்பி வைக்காதீங்க, அது ஒன்றிரண்டு வருஷம்தான். தக்காளி நாலைந்து வருஷம் நிற்கும். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் 20 விதையை ஈர டிஷ்யூவில் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் கதகதப்பான இடத்தில் வைத்து, பத்தாம் நாள் எண்ணுங்க. 16 முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். 10 என்றால் இரண்டு மடங்கு தூவுங்க. அதற்கும் கீழே போனால் வேறு விதை தேடுங்க.