புதுப்பிப்பு: கோத்தகிரி சாலையோரம் பொறுக்கிய மது பாட்டில்கள் என்ன ஆயின

எங்கள் பள்ளி என்.எஸ்.எஸ். மாணவர்கள் சாலையோரம் பொறுக்கிய மது பாட்டில்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, பழைய இரும்புக்கடைக்காரரும் எடுக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, '10 ரூபாய் திட்டத்தில் திருப்பிக் கொடுங்கள்' என்பதுதான். நீலகிரியில் 2022 முதல் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். ஆனால் பிள்ளைகளை மதுக்கடைக்கு அனுப்ப முடியுமா? தூய்மைப் பணியாளர் அக்காவிடம் மூட்டைகளை ஒப்படைத்தோம். அவரே கொடுத்துவிட்டுப் பணத்தை வைத்துக்கொண்டார். அதுதான் நியாயமும்கூட.

எதிர்பாராத விஷயம் ஒன்று: இந்தத் திட்டத்துக்காகப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் காசு கிடையாது. தேயிலைச் செடிகளுக்கு அடியில் மழையில் ஊறிக் கிடந்த பாட்டில்கள் பலவற்றில் ஸ்டிக்கர் உரிந்து பாசி படிந்திருந்தது. அவற்றையும் உடைந்த சில்லுகளையும் தனிச் சாக்கில் கட்டி, குப்பை பிரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டோம். ஸ்டிக்கரோடு கிடைப்பதைக் கழுவாதீர்கள், துடைத்தால் போதும்.

அப்புறம், துணிக் கையுறை சில்லுக்குத் தாங்காது. ரப்பர் பூசியதாக வாங்குங்கள்.