‘ஹீட் சோக்’ என்பதற்குப் ‘பின்னேறு சூடு’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் வாகனப் பயிற்சிக் கையேட்டின் குளிர்விப்புப் பகுதியில் வரும் ‘ஹீட் சோக்’ (இஞ்சினை நிறுத்திய பிறகு சூடு பரவி அண்டைப் பகுதி மேலும் சூடாவது) என்பதற்கு ‘வெப்ப ஊறல்’, ‘எஞ்சிய வெப்பம்’ என்ற இரு சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ‘பின்னேறு சூடு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். புதுச்சேரியில் பழைய டர்போ கார்களை (இஞ்சினின் புகையால் சுழன்று அதற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ என்ற கருவி கொண்டவை) பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு சொல் பிசகினால், மாணவர் கசிவைத் தேடும் நேரமே பிசகிவிடும். இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகாததால் இங்கே பட்டறை வழக்கையே எழுதுகிறேன்.

முதலில் நிகழ்வைப் பார்ப்போம். பெட்ரோல் டர்போ வண்டியை விரட்டி ஓட்டும்போது டர்பைன் கூட்டுக்குள் நுழையும் புகையின் வெப்பநிலை 800, 900 செல்சியஸ் பாகை வரை போகும். தண்டும் பேரிங்கும் இருக்கும் நடுக்கூட்டை, ஓடும் எண்ணெயும் கூலன்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. இஞ்சினை நிறுத்தியதும் பம்பு நிற்கிறது, ஓட்டம் நிற்கிறது, முன்னால் வீசிய காற்றும் நிற்கிறது. ஆனால் டர்பைன் கூட்டின் இரும்பில் தேங்கிய சூடு நிற்பதில்லை, அது நடுக்கூட்டை நோக்கி நகர்கிறது. அதனால் நடுக்கூட்டின் வெப்பநிலை ஓட்டத்தின்போது இருந்ததைவிட உயர்கிறது, அங்கே தங்கியிருக்கும் கூலன்ட் கொதிக்கத் தொடங்குகிறது, அமைப்பு முழுவதிலும் அழுத்தம் கூடுகிறது. பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 பாகையை ஒட்டிக் கொதிக்கும்; ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் 125 பாகையைத் தாண்டும். அந்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இந்தக் காப்பு குறைந்துபோகும். 1985இல் வெளிவந்த போர்ஷே 944 டர்போவில், வண்டியை நிறுத்திய பிறகும் டர்போவுக்குக் கூலன்டை அனுப்புவதற்கென்றே மின்பம்பு ஒன்று வைக்கப்பட்டது இந்தச் சூட்டைக் கருதித்தான்.

பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சான்றாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் செய்யப்பட்ட, இரண்டு கதவு கொண்ட டர்போ ஸ்போர்ட்ஸ் கார் அது. கூலன்ட் தொட்டியின் மட்டம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது, தரையில் சொட்டு விழவே இல்லை. (ஏ.சி.யிலிருந்து விழும் நீரைப் பார்த்துக் கூலன்ட் என்று பதறுவோர் இந்தக் கடற்கரைப் பகுதியில் ஏராளம். அது நிறமும் மணமும் வழுவழுப்பும் இல்லாத வெறும் நீர்.) குளிர்ந்த நிலையில் கைப்பம்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றினோம், அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. இஞ்சின் ஓடும்போது விளக்கடித்துப் பார்த்தபோதும் எல்லாம் உலர்ந்தே இருந்தது. கூலன்டில் இஞ்சினுக்குள் எரிந்த வாயுவின் குமிழி இருக்கிறதா என்று, அது பட்டால் நிறம் மாறும் நீலத் திரவத்தைக் கொண்டு சோதித்தோம். நிறம் மாறாததால் ஹெட் கேஸ்கெட்டை (இஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலான அடைப்புத் தகட்டை) நோண்ட வேண்டிய அவசியம் எழவில்லை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நன்றாக ஓட்டி வந்து, நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். சில நிமிடங்கள் கழித்து, டர்போவுக்குள் கூலன்டைக் கொண்டுசெல்லும் குழாயின் பாஞ்சோ போல்ட்டுக்கு (திரவம் செல்ல உள்ளே துளையுள்ள போல்ட்) அடியில், செப்பு வாஷரின் விளிம்பில், பச்சை மணி ஒன்று திரண்டது. அது உருண்டு சூடான இரும்பைத் தொட்டவுடன் ஆவியாகிப்போனது. இனிப்பான வாடை வந்தது, வெளிறிய உப்புப்படிவு மட்டும் மிஞ்சியது. தரைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘ஊறல்’ என்பது பட்டறையில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் சொல். ஹோஸ் மூட்டில் சொட்டாகத் திரளாமல் ஈரம் மட்டும் படர்ந்தால், ‘கிளிப்புகிட்ட ஊறுது’ என்றுதான் எந்தத் தொழிலாளியும் சொல்வார். அதே கையேட்டில் ‘வெப்ப ஊறலால் ஏற்படும் ஊறல்’ என்று எழுத நேர்ந்தால், படிக்கும் மாணவர் முதல் ஊறலையும் ஒரு கசிவு என்றே எடுத்துக்கொள்வார். அந்நியச் சொல்லின் படிமத்தை அப்படியே இறக்கியதால் வந்த இடர் இது.

‘எஞ்சிய வெப்பம்’ கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சியது என்றால், இருந்ததில் மிச்சம், இனிக் குறைந்துகொண்டே போவது என்றுதான் மனம் கொள்ளும். நாம் எச்சரிக்க வேண்டியதோ நேர்மாறானது: நிறுத்திய பிறகு டர்போவின் நடுக்கூடு இன்னும் சூடாகிறது. அந்த ஏற்றத்தைச் சொல்லாத சொல், ஓட்டுநரை நிறுத்தியவுடன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் தூண்டும். கை வெந்துபோகும்.

‘பின்னேறு சூடு’ வினைத்தொகை. ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என மூன்று காலத்தையும் தன்னுள் கொள்வதால் நிகழ்வின் போக்கு அதில் அடங்கிவிடுகிறது. சுடுநீர், ஊறுகாய் என்று எல்லார் வாயிலும் புழங்கும் அமைப்பு என்பதால் நாக்குக்கும் புதிதில்லை. ‘பின்’ என்பதைப் பின்பக்கம் என்று கொள்ள மாட்டார்களா என்ற கடலூர் நண்பரின் ஐயம் நியாயமானது. ஆனாலும் பின்பனி, பின்னிரவு ஆகியவற்றில் அது காலத்தையே குறிக்கிறது; ‘ஏறு’ என்ற வினையோடு சேரும்போது அந்தப் பொருளே முந்தி நிற்கும் என்பது என் கணிப்பு. சூடு என்பதை விட்டு வெப்பம் என்று போடலாமே என்றார் பேராசிரியர் ஐயா. இயற்பியலில் வெப்பம் ஆற்றலைக் குறிக்கிறது, இங்கே ஏறுவது வெப்பநிலை. அந்தப் பாகுபாட்டுக்குள் சிக்காத பொதுச்சொல்லாகச் சூடு இருப்பதே நமக்கு வசதி.

கையேட்டுக்கான வரையறையை இப்படி வைக்கலாம்: ‘இஞ்சினை நிறுத்திக் கூலன்ட் ஓட்டம் நின்றபின், சூடான பகுதியிலிருந்து வந்து சேரும் வெப்பத்தால் அண்டைப் பகுதியின் வெப்பநிலை உயர்தல்.’ இதன்கீழ், குளிர்ந்த நிலைச் சோதனையில் தப்பிய கசிவை நிறுத்தியபின் காத்திருந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பு கட்டாயம் வர வேண்டும். செப்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும் என்பதால் கழற்றும்போதெல்லாம் புதியது போட வேண்டும். டர்போவை ஒட்டிய ஹோஸ் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். கசிவடைக்கும் பொடியை ஊற்றக் கூடாது, டர்போவின் மெல்லிய வழிகளை அது அடைத்துவிடும். உப்பேறிய ஆழ்குழாய் நீரை ஊற்றி மட்டத்தை நிரப்பும் பழக்கம் நம் கரையோர ஊர்களில் இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நிறுத்தியபின் ஓடும் அந்த மின்பம்புக்கு இதே வழியில் ‘பின்னோடு பம்பு’ என்று வைத்தால், பின்னோக்கிச் சுழலும் பம்பு என்று படிக்கப்படும். சிறந்த சொல் கிடைக்கும்வரை ‘நிறுத்தியபின் ஓடும் பம்பு’ என்று விரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. யாரிடமாவது குறுகிய வடிவம் இருந்தால் எழுதுங்கள்.