வால்தர் .32: புது மேகசின் கீழே நீட்டுகிறது. என்னுடையது பிபியா, பிபிகேயா?

குலசேகரம் ரப்பர்க்காரன்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். அப்பாவின் வால்தர் பிஸ்டல், அவர் காலமான பிறகு முறைப்படி உரிமம் மாறி இப்போது என் பேரில் இருக்கிறது. மேகசின் (கைப்பிடிக்குள் போகும் தோட்டாப் பெட்டி) ஸ்பிரிங் தளர்ந்ததால் கடையில் "வால்தர் .32" என்று கேட்டு வேறொன்று வாங்கினேன். மாட்டினால் கைப்பிடிக்குக் கீழே சுண்டுவிரல் தடிமனுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. ராவிவிட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். ஸ்லைடில் (மேலே முன்பின் நகரும் இரும்புப் பகுதி) மாடல் எழுத்து தேய்ந்து "பிபி" வரைதான் தெரிகிறது. உரிமத்தில் .32, குழலிலோ 7.65. என்ன செய்ய?

மார்த்தாண்டம் ஹவில்தார் (ஓய்வு):
தம்பி, தயவுசெய்து ராவ வேண்டாம். .32 ஏசிபியும் 7.65 பிரவுனிங்கும் ஒரே தோட்டாதான், அதை விடுங்கள். முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குழலின் பின்னால் தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் ஸ்கேல் எடுங்கள். 1929இல் வந்த பிபி மொத்த நீளம் 170 மி.மீ., எட்டுத் தோட்டா. 1931இல் வந்த பிபிகே 155 மி.மீ., ஏழு. கைப்பிடியும் குட்டை, அதனால்தான் பிபி மேகசின் அதில் நீட்டும்.

நீளம் 155 என்றாலும் முடிவு கட்டாதீர்கள். 1968இல் அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்கு பிபிகே உயரம் போதவில்லை. பிபியின் உடலில் பிபிகேயின் ஸ்லைடைப் போட்டு பிபிகே/எஸ் என்று விட்டார்கள். அதற்கும் எட்டுதான். கைப்பிடியின் முதுகைத் தடவிப் பாருங்கள். இரும்புப் பட்டை தெரிந்து, இரண்டு பக்கமும் தனித்தனித் தகடு இருந்தால் பிபி அல்லது பிபிகே/எஸ். பிளாஸ்டிக் ஒரே துண்டாக முதுகைச் சுற்றி வந்தால் பிபிகே.

குலசேகரம் ரப்பர்க்காரன்:
அளந்தேன் அண்ணே, 155. பிளாஸ்டிக் ஒரே துண்டு, பின்னால் ஒற்றைத் திருகு கூட இல்லை. பிபிகேதான். ஆனால் முன்பக்கம் செம்புள்ளியாகத் துரு. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதிலிருந்து தோல் உறையிலேயே கிடந்தது.

குளச்சல் துப்பாக்கிப் பிரியன்:
அந்த உறைதான் காரணம். நம்மூரில் இரண்டு மழையும் அடிக்கும், கடற்காற்று வேறு. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் துடைத்து, உறை இல்லாமல் பூட்டிய பெட்டியில் வையுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், கறுப்புப் பூச்சு போய்விடும்.

குலசேகரம் ரப்பர்க்காரன்:
சரி அண்ணே. மேகசினைத் திருப்பிக் கொடுத்து, "பிபிகே, ஏழு தோட்டா" என்று எழுதியே கேட்டு வந்திருக்கிறேன். ரொம்ப நன்றி.